யூரித்ரா புற்றுநோய்: ஆபரேஷன் முடிந்தாயிற்று, திரும்ப வருமா?

கார்முகில்

அனைவருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இப்போது நானே எழுதும்படி ஆகிவிட்டது.

அப்பாவுக்கு வயது 71. சிறுநீர்ப் பாதையில் அடைப்பு என்று பல வருடமாக அவ்வப்போது விரித்துவிடுவார்கள். கொஞ்ச நாள் நன்றாகப் போகும், அப்புறம் மறுபடியும் தாரை மெலிந்துவிடும். கடைசியாக விரித்தபோது ரத்தம் சரியாக நிற்கவில்லை. விதைப்பைக்குப் பின்னால் தொட்டால் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பயாப்ஸி எடுத்ததில் யூரித்ராவில், அதாவது சிறுநீர்ப் புறவழியில், புற்றுநோய் என்று வந்தது. ஆண்குறியின் தண்டுப் பகுதி முடிந்து பல்ப் என்கிற உட்பகுதி தொடங்கும் இடமாம். அதை அகற்றிவிட்டு, விதைப்பைக்குப் பின்னால் சிறுநீர் போகப் புது வழி வைத்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் இருப்பது: ஸ்குவாமஸ் செல், கிரேடு 2, பி.டி.2, மார்ஜின் நெகட்டிவ், அதாவது வெட்டிய விளிம்பில் நோய் இல்லை. தொடையிடுக்கிலும் இடுப்புக்குள்ளும் நெறி (நிணநீர்க் கணு) எதுவும் பெரிதாக இல்லை என்று ஸ்கேன் சொல்கிறது. நெறிகளை வெட்டி எடுக்கவில்லை. கீமோ, ரேடியேஷன் இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றார் டாக்டர்.

ஐந்து வருடம் தாண்டுபவர்கள் 46 சதவீதம் என்று ஓரிடத்தில் படித்தேன். இன்னோரிடத்தில் 54, வேறோரிடத்தில் 68. எதை எடுத்துக்கொள்வது? திரும்ப வந்தால் எங்கே வரும், எத்தனை வருடத்துக்குள் வரும்? வந்துவிட்டால் அத்தோடு முடிந்ததா? அப்பா என்னிடம் இதைப் பேசவே கூச்சப்படுகிறார். டாக்டர் அறையில் நான் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் பாதித் தகவல்தான் எனக்கு வந்து சேருகிறது.


அரைத்தூக்கம்

வாங்க தங்கச்சி. எனக்கும் இதே நோய்தான், ஆனால் நுனிப் பக்கம். அதனால் உங்கள் அப்பா கதையும் என் கதையும் ஒன்றல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பார்த்த மூன்று எண்ணுமே சரிதான். கேட்கப்பட்ட கேள்விதான் வேறு வேறு. அமெரிக்காவில் சீர் என்று ஒரு பெரிய புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அதில் இந்த நோய் வந்த ஆண்களில், எந்தக் காரணத்தாலும் சாகாமல் ஐந்து வருடம் இருந்தவர்கள் 46 சதவீதம். பத்து வருடத்தில் 29. அதே ஆட்களை வைத்து, இந்தப் புற்றுநோயால் சாகாதவர்கள் எத்தனை என்று பார்த்தால் ஐந்து வருடத்தில் 68, பத்து வருடத்தில் 60. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா, வேறு புற்றுநோய் எல்லாம். இது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருகிற நோய், அதனால் இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. 54 என்பது ஐரோப்பாவின் ரேர்கேர் திட்டத்தின் கணக்கு. அதே வயதுப் பொதுமக்களோடு ஒப்பிட்டுச் சொல்வது. அங்கே முதல் வருடத்துக்கு 71, ஐந்தாம் வருடத்துக்கு 54.

என் கண்ணில் பட்டது வேறொன்று. 68, 60 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஐந்து வருடத்தில் 32 பேர் போகிறார்கள், அடுத்த ஐந்து வருடத்தில் 8 பேர். ஆபத்து முன்பக்கமாகக் குவிந்திருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது இந்த முதல் சில வருடங்களைத்தான்.


தண்டோரா

இந்த சதவீதமெல்லாம் சும்மா. ஆளுக்கு ஆள் மாறும். ஸ்கேன் சுத்தம், மார்ஜின் சுத்தம், அப்புறம் என்ன? நிம்மதியாக இருங்கள்.


கத்தரிக்கோல்

நான் யூராலஜி. ஆளுக்கு ஆள் மாறும் என்பது உண்மை, ஆனால் கண்டபடி மாறாது. எதனால் மாறுகிறது என்பது ஓரளவு தெரிந்த விஷயம்.

முதலில் இடம். நுனிப்பக்கக் கட்டிகள் கண்ணில் படும், கையில் தட்டுப்படும், ரத்தம் கசியும். ஆள் சீக்கிரம் வந்துவிடுவார். உள்ளே பல்ப் பகுதியிலும் அதற்கு மேலும் இருப்பவை வெளியே தெரியாமல் வளரும். இந்த அம்மா எழுதியிருப்பதுபோல அடைப்பு என்ற பெயரிலேயே வருடக்கணக்கில் ஓடிவிடும். நாள்பட்ட அடைப்பு இந்த நோய்க்கான காரணங்களில் ஒன்று, நோயை மறைப்பதும் அதுதான். உள்பக்கக் கட்டிகள் முற்றிய நிலையில் பிடிபடுவதும், அவற்றின் முடிவுகள் மோசமாக இருப்பதும் பெரிதும் இதனால்தான்.

இரண்டாவது ஆழம். யூரித்ராவைச் சுற்றி ஸ்பாஞ்சியோசம் என்று ரத்தம் நிறைந்த பஞ்சுத் திசு இருக்கிறது. பி.டி.2 என்றால் அதற்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். அதைத் தாண்டி மேலே உள்ள கேவர்னோசம் என்ற விறைப்புத் திசுவில் புகுந்தால் 3. பக்கத்து உறுப்புகளைத் தொட்டால் 4. உங்கள் அப்பா நடுவில் இருக்கிறார்.

மூன்றாவது நெறி. எடை போட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். நெறிக்குப் போயிருந்தால் கணக்கே வேறு.

செல் வகையும் சேரும். யூரோதீலியல் (சிறுநீர்ப் பாதையின் உள்தோல் செல்) அதிகம், அடுத்து ஸ்குவாமஸ் (தட்டைச் செல்), அப்புறம் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்). வயது, கட்டியின் அளவு, கூடவே சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் இருக்கிறதா என்பதையும் பார்ப்போம். மொத்த எண்ணை எடுத்து உங்கள் அப்பா தலையில் வைக்காதீர்கள். அந்த 46-ல் நுனியில் கடுகளவு கட்டி இருந்தவரும் இருக்கிறார், நுரையீரல்வரை பரவிய பிறகு வந்தவரும் இருக்கிறார்.

தண்டோரா சாருக்கு: ஸ்கேன் சுத்தம் என்றால் ஸ்கேனில் தெரியும் அளவுக்கு எதுவும் இல்லை என்றுதான் பொருள். சில மில்லிமீட்டர் படிவு எதிலும் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னது அதற்காகத்தான்.


கார்முகில்

மிக்க நன்றி டாக்டர், அண்ணா. திரும்ப வந்தால் எந்த இடத்தில் வரும் என்று யாராவது சொல்ல முடியுமா? எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாமல் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


கத்தரிக்கோல்

மூன்று இடம். ஒன்று, வெட்டிய விளிம்பை ஒட்டி, மீதமுள்ள யூரித்ராவிலோ புது வாயைச் சுற்றியோ. இரண்டு, நெறிகளில். மூன்று, தொலைவில்: நுரையீரல், கல்லீரல், எலும்பு.

நெறியைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், வீட்டில் பார்க்கக்கூடியது அதுதான். ஆணுக்கு முன்பக்க யூரித்ராவின் நிணநீர் தொடையிடுக்கு நெறிகளுக்கு வடியும், அங்கிருந்து இடுப்புக்குள். பின்பக்க யூரித்ரா நேராக இடுப்புக்குள் உள்ள நெறிகளுக்கு வடியும். பெண்களுக்கும் இதே கதை: வெளிப்பக்கம் தொடையிடுக்கு, உள்பக்கம் இடுப்பு. உங்கள் அப்பாவுடையது எல்லையில் இருந்த கட்டி, இரண்டையுமே பார்க்க வேண்டும்.

ஆண்குறிப் புற்றுநோயில் தொடையிடுக்கு நெறி வீங்கினால் பல நேரம் அது வெறும் கிருமித் தொற்றாக இருக்கும். யூரித்ரா புற்றுநோயில் அப்படி இல்லை. வீங்கிய நெறி பெரும்பாலும் நோய் பரவியதாகவே இருக்கும். அதனால் ஆன்டிபயாடிக் கொடுத்து மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஊசி வைத்து செல் எடுத்துப் பார்ப்போம்.


தண்டோரா

அப்படியென்றால் என் கேள்வி. நெறிக்குத்தான் இத்தனை எடை என்கிறீர்கள். ஆபரேஷன் செய்யும்போதே இரண்டு பக்கமும் வெட்டி எடுத்திருக்கலாமே? ஸ்கேனில் தெரியாத படிவும் போயிருக்குமே?


கத்தரிக்கோல்

நியாயமான கேள்வி. நாங்களே எங்களுக்குள் அடித்துக்கொள்ளும் விஷயம் இது. நெறி பெரிதாக இல்லாத எல்லோருக்கும் முன்கூட்டியே இரண்டு பக்கமும் எடுத்தால் ஆயுள் கூடும் என்பதற்குச் சான்று இல்லை. அந்த ஆபரேஷனுக்கு விலை உண்டு: தையல் பிரிதல், நிணநீர் தேங்குதல், சிலருக்கு ஆயுள் முழுக்கக் கால் வீக்கம். 71 வயதில் அது சின்ன விஷயம் இல்லை. அதே நேரம், நெறி தெரிகிற அளவில் இருந்து நோய் அதோடு நின்றிருந்தால், எடுத்துவிட்டுக் குணமாக்க இன்னும் வாய்ப்பு உண்டு. அதனால் தெரிந்தால் எடுப்போம். தெரியாதபோது சிலர் சென்டினல் நெறி எனப்படும் முதல் நெறியை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள், ஆண்குறிப் புற்றுநோயிலிருந்து கடன் வாங்கிய முறை. எல்லா இடத்திலும் செய்வதில்லை. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. ஆனால் அவர் காத்திருந்து பார்க்கலாம் என்றால் அது அலட்சியம் இல்லை.

மார்ஜினையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மேல் முனை, அதாவது சிறுநீர்ப்பையை நோக்கிய வெட்டு விளிம்பு, முழு வட்டமாகச் சோதிக்கப்பட்டதா? நுனிப்பக்கக் கட்டிகளில் மார்ஜின் 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தும் அந்த இடத்தில் திரும்ப வரவில்லை என்று சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட உண்மையிலேயே சுத்தமா என்பதுதான் முக்கியம்.


அரைத்தூக்கம்

தங்கச்சி, அப்பா கூச்சத்துக்கு ஒரு வழி. தொடையிடுக்கை அவரே தடவிப் பார்க்கலாம், நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு நர்ஸ் சொல்லிக் கொடுத்தது: மல்லாந்து படுத்து, காலைக் கொஞ்சம் மடக்கி வெளிப்பக்கம் சாய்த்து, இரண்டு மூன்று விரலைத் தட்டையாக வைத்து மடிப்பின் கீழிருந்து மேலாக மெல்ல உருட்டிப் பார்ப்பது. இரண்டு பக்கமும் ஒப்பிட வேண்டும். சாதாரண நெறி மொச்சைக்கொட்டைபோல நழுவும். கெட்டியாக, நகராமல், போன தடவை இல்லாதது இருந்தால் அடுத்த விசிட் வரை காத்திருக்கக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை போதும். தினமும் அமுக்கிக்கொண்டே இருந்தால் அதுவே வலிக்கும், அப்புறம் தூக்கம் போய்விடும். (என் பெயரைப் பாருங்கள்.)

இன்னொன்று. புது வாயிலிருந்து தாரை மெலிந்தால் உடனே புற்றுநோய் என்று பதற வேண்டாம். அந்த வாய் தானாகவே சுருங்குவது உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது, சின்னதாக அகலப்படுத்தி அனுப்பிவிட்டார்கள். ஆனால் வெறும் தழும்புச் சுருக்கம் என்று நீங்களே முடிவுசெய்யாதீர்கள். ஒருமுறை அடைப்பு என்று நினைத்து இழந்த காலம் போதும். ஸ்கோப், அதாவது உள்ளே பார்க்கும் கேமராக் குழாய், விட்டுப் பார்க்கட்டும்.


இளநகை

கார்முகில், "வந்துவிட்டால் அத்தோடு முடிந்ததா" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு வெளிப்பக்க யூரித்ராவில் ஸ்குவாமஸ். முதலில் ரேடியேஷன் கொடுத்தார்கள், கட்டி முழுக்கக் கரைந்தது. ஒன்றரை வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் இனி ஒன்றும் இல்லை என்றே நினைத்தோம். ஆனால் ஸ்கேனில் வேறெங்கும் எதுவும் இல்லை, அந்த இடம் மட்டும்தான். யூரித்ரா முழுவதையும் எடுத்து, சிறுநீர்ப்பையின் கழுத்தை மூடி, தொப்புள் பக்கமாக ஒரு சின்ன வழி வைத்தார்கள். குடல்வாலைக் குழாயாக வைத்து. நேரம் பார்த்து அம்மாவே கத்தீட்டர் விட்டுச் சிறுநீரை எடுத்துக்கொள்வார். ஆறிவரக் கஷ்டப்பட்டது, ரேடியேஷன் பட்ட சதை சீக்கிரம் ஆறாது. ஆனால் இன்று நன்றாக இருக்கிறார், என்னைத் திட்டுகிறார்.


கத்தரிக்கோல்

இளநகை சொன்னது அபூர்வ அதிர்ஷ்டக் கதை இல்லை. பல மையங்கள் சேர்ந்து செய்த ஒரு ஆய்வில், முதலில் ஆபரேஷன் செய்துகொண்டு, பிறகு யூரித்ராவில் நோய் திரும்பியவர்களுக்கு மறுபடி ஆபரேஷனோ ரேடியேஷனோ கொடுத்தபோது, அவர்கள் உயிரோடு இருந்த விகிதம் நோய் திரும்பாதவர்களை ஒத்தே இருந்தது. நோயாளிகள் எண்ணிக்கை குறைவான ஆய்வு, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் எங்களுக்கு அது முக்கியமான செய்தி. அந்த இடத்திலேயே திரும்புவதும் தொலைவில் பரவுவதும் ஒரே பெயரில் அழைக்கப்படும் இரண்டு வேறு நிகழ்வுகள்.

ரேடியேஷன் பக்கம்: பெண்களுக்கு ரேடியேஷன் கொடுத்த ஒரு பழைய ஆய்வில், ஐந்து வருடத்தில் அந்த இடம் கட்டுக்குள் இருந்தவர்கள் 64 சதவீதம். திரும்பியவற்றில் 95 சதவீதம் முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பின. அரைத்தூக்கம் சொன்ன "முன்பக்கக் குவிப்பு" இதுதான்.

அதே ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரேடியேஷனின் பின்விளைவுகள் இருந்தன: யூரித்ரா சுருங்குதல், ஓட்டை விழுதல், சதை அழுகல், சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு. அதனால் ரேடியேஷன் முடித்த ஒருவருக்கு ரத்தம் வந்தால் அது நோயா, பின்விளைவா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது.


நலமெல்லாம்

யாரும் கத்தி வைக்கத் தேவையில்லை, என் வீட்டில் தயாரிக்கும் மூலிகைக் கஷாயம் 48 நாள்... [மாடரேட்டரால் நீக்கப்பட்டது]


மாடரேட்டர்

விற்பனைப் பதிவுகள் இந்த இழையில் வேண்டாம். இரண்டாவது எச்சரிக்கை, மூன்றாவது கிடையாது. தொடருங்கள்.


வேம்பு

எனக்கு அடினோகார்சினோமா, யூரித்ராவை ஒட்டி இருந்த ஒரு பைபோன்ற குழிக்குள் வளர்ந்தது. டைவர்டிகுலம் என்பார்கள். அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இந்த வகையெல்லாம் இணையத்தில் தேடினால் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்று ஆய்வுகள் வரும். அதில் சதவீதம் போட்டிருப்பார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ சதவீதம் எட்டுப் புள்ளி குதிக்கும். அதைப் படித்து நான் அழுதிருக்கிறேன், இப்போது யோசித்தால் கோபம்தான் வருகிறது.

பெண்கள் யாராவது படித்தால் ஒன்று மட்டும்: மாதவிடாய் நின்ற பிறகு யூரித்ரா வாயில் சிவப்பாக ஒரு சதை துருத்துவது சாதாரணம். பெரும்பாலும் தொந்தரவில்லாத சதைதான். ஆனால் ஹார்மோன் கிரீம் போட்டும் சுருங்கவில்லை, கெட்டியாக இருக்கிறது, ரத்தம் வருகிறது என்றால் பயாப்ஸி கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.


கடைசிபெஞ்ச்

கொஞ்சம் பக்கவாட்டுக் கேள்வி, இழை திசை மாறினால் மன்னிக்கவும். எனக்கு சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகப் பையை எடுத்துவிட்டார்கள், வயிற்றில் பை மாட்டியிருக்கிறேன். யூரித்ராவை விட்டுவைத்திருக்கிறார்கள். இப்போது அதில் சிறுநீரே போவதில்லை. போன வாரம் உள்ளாடையில் பழுப்பாக ஒரு சொட்டு. இதுவும் இந்த நோயாக இருக்குமா?


கத்தரிக்கோல்

திசை மாறவில்லை, இது பக்கத்து வீடுதான். சிறுநீர்ப்பையை எடுத்த ஆண்களில் 1.5 முதல் 6 சதவீதம் பேருக்கு விட்டுவைத்த யூரித்ராவில் பின்னால் நோய் வரும் என்பது கணக்கு. பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். முன்பு புராஸ்டேட் பகுதி யூரித்ராவில் நோய் இருந்திருந்தால் வாய்ப்பு கூடும். சிறுநீர் ஓடாத யூரித்ராவிலிருந்து ரத்தமோ ரத்தம் கலந்த கசிவோ வருவது பார்க்காமல் விடக்கூடாத அறிகுறி. கழுவி எடுத்த நீரைச் செல் சோதனைக்கு அனுப்பலாம், ஸ்கோப் வைத்தும் பார்க்கலாம். தொற்றாகவும் இருக்கலாம். இந்த வாரமே போய்வாருங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை இழுக்காதீர்கள்.


கடைசிபெஞ்ச்

நாளைக்கே போகிறேன் டாக்டர். நன்றி.


தண்டோரா

டாக்டர், தொலைவில் பரவிவிட்டால்? யாரும் அதைத் தொட மாட்டேன் என்கிறீர்கள். கார்முகிலும் பெரிய பெண்தான், சொல்லுங்கள்.


கத்தரிக்கோல்

சரி, நேராகவே சொல்கிறேன். தொலைவில் பரவிய பிறகு முழுக்கக் குணமாவது அரிது. அப்போது நோக்கம் காலத்தை நீட்டுவதும் தொந்தரவைக் குறைப்பதும்.

என்ன மருந்து என்பது செல் வகையைப் பொறுத்தது. யூரோதீலியல் என்றால் கடந்த சில வருடங்களில் நிலைமை நிஜமாகவே மாறியிருக்கிறது. என்ஃபோர்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2024-ல் வெளியானது. பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் பழைய கீமோவில் 16 மாதம், இதில் அது 31 மாதத்தைத் தாண்டியது. யூரித்ராவிலிருந்து தொடங்கிய யூரோதீலியல் நோயாளிகளையும் அந்த ஆய்வில் சேர்க்க இடம் இருந்தது. ஆனால் கார்முகிலின் அப்பாவுக்கு ஸ்குவாமஸ். அந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. ஸ்குவாமஸுக்கு இந்த அளவு நல்ல செய்தி இன்னும் வரவில்லை.

பரவாமல், ஆனால் முற்றிய நிலையில், அதாவது டி.3, டி.4, அல்லது நெறியில் இருக்கும்போது, ஆபரேஷனுக்கு முன்பே சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ கொடுப்பது நல்ல பலன் தருகிறது. ஒரு தொகுப்பில் 72 சதவீதம் பேருக்குக் கட்டி குறைந்தது. கீமோவோடு நின்றுவிடாமல் பிறகு ஆபரேஷனும் செய்துகொண்டவர்கள் நீண்ட காலம் இருந்தார்கள். ஸ்குவாமஸுக்கு இன்னொரு வழி, 5-எஃப்.யு., மைட்டோமைசின் மருந்துகளோடு ரேடியேஷன். ஆசனவாய்ப் புற்றுநோயில் செய்வது போலத்தான். அப்படிச் சிகிச்சை பெற்ற ஆண்களின் சிறிய தொகுப்பு ஒன்றில் பத்தில் எட்டுப் பேருக்குக் கட்டி முழுக்க மறைந்தது, ஐந்து வருடத்தில் பாதிப் பேர் உயிரோடு இருந்தார்கள். இந்த இரண்டு வரியையும் சேர்த்தே படியுங்கள். கரைந்துவிட்டது என்றதும் கொண்டாடிவிட்டு செக்கப்பை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.


இளநகை

எண்ணை அப்பாவிடம் சொல்லப்போகிறீர்களா கார்முகில்? நாங்கள் அம்மாவிடம் மறைத்தோம். அவர் எங்களைவிட முன்பே தெரிந்துகொண்டு எங்களிடம் மறைத்தார்.


அரைத்தூக்கம்

சொல்லக் கூடாது என்பேன். எனக்கு ஆரம்பத்தில் ஒரு எண்ணைச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு செக்கப்பும் பரீட்சை ரிசல்ட் மாதிரி ஆகிவிட்டது.


வேம்பு

நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உடம்பு அவருடையது. கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காதபோது திணிக்க வேண்டாம். ஆனால் "ஒன்றுமில்லை அப்பா" என்று பொய் சொல்லாதீர்கள். ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர் எதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூச்சத்தை விட்டுப் படுக்கப்போகிறார்?


தண்டோரா

வேம்பு சொல்வது சரி. (இதை நான் எழுதுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.)


கார்முகில்

எல்லாவற்றையும் பலமுறை படித்தேன். அண்ணன் ஒருவன் இருக்கிறான், வேறு ஊரில் வேலை. இனி டாக்டர் அறைக்குள் அவன் போவதாக ஏற்பாடு. போனில் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பாவுக்கு அது பரவாயில்லையாம்.

செக்கப் என்றால் என்னென்ன செய்ய வேண்டும்? எங்கள் டாக்டர் ஸ்கேன் எழுதியிருக்கிறார், ஸ்கோப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.


கத்தரிக்கோல்

இந்த நோய்க்கு இத்தனை மாதத்துக்கு இந்தச் சோதனை என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கால அட்டவணை கிடையாது. நோய் அத்தனை அரிது, சிறுநீர் மற்றும் இனப்பெருக்க உறுப்புப் புற்றுநோய்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆளின் ஆபத்தைப் பார்த்து டாக்டர் அமைத்துக்கொள்வார். ஆனால் யூரித்ராவின் ஒரு பகுதி மிச்சம் இருந்தால் அதை யாராவது கண்ணால் பார்த்தாக வேண்டும். ஸ்கேன் நெறியைக் காட்டும், நுரையீரலைக் காட்டும். உள்தோலில் தொடங்கும் சின்னத் திட்டைக் காட்டாது. அதற்கு ஸ்கோப்தான். சிறுநீரில் செல் சோதனையும் அனுப்பலாம். ஆனால் ஸ்குவாமஸில் அதை மட்டும் நம்பிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் அண்ணன் கேட்க வேண்டியது: ஸ்கோப் எப்போது? தொடையிடுக்கைக் கையால் பார்த்தீர்களா, அல்ட்ராசவுண்டு தேவையா? மேல் முனை மார்ஜின் பற்றி பெத்தாலஜி ரிப்போர்ட்டில் தனியாக எழுதியிருக்கிறதா? முடிந்தால் இந்தக் கேஸை யூராலஜி, ஆன்காலஜி, ரேடியேஷன் மூவரும் உட்கார்ந்து பேசும் பெரிய மையத்தில் ஒருமுறை காட்டுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு பார்க்கிறவருக்கும் தொடர்ந்து பார்க்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.


அரைத்தூக்கம்

உட்கார்ந்துதான் சிறுநீர் போக வேண்டியிருக்கும் என்று அப்பா வருத்தப்படுகிறாரா? முதல் சில மாதம் அதுதான் பெரிய துக்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்தவர் சொல்வார், புற்றுநோயைவிட. பொதுக் கழிப்பறை பயத்தில் வெளியே போவதையே விட்டுவிடுவார்கள், தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுவார்கள். அதை மட்டும் விடாதீர்கள். தண்ணீர் குறைந்தால் எரிச்சல், தொற்று, அப்புறம் அது நோயா என்ற பயம்.


கார்முகில்

ஆமாம் அண்ணா, அதேதான். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். யார் எழுதியது என்று கேட்டார், சொன்னேன். சிரித்தார்.


கடைசிபெஞ்ச்

போய்வந்தேன். ஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள், ஓரிடம் சிவந்திருந்ததால் பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள். கழுவிய நீரும் போயிருக்கிறது. ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.


கார்முகில்

அண்ணன் உள்ளே போனான். ஸ்கோப் அடுத்த விசிட்டில் போட்டிருக்கிறார்கள், தொடையிடுக்கு அல்ட்ராசவுண்டும் சேர்த்து. மார்ஜின் தனியாக எழுதியிருக்கிறது, மேல் முனை சுத்தம். சென்டினல் பற்றிக் கேட்டதற்கு, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அது சரியாக வராது, அல்ட்ராசவுண்டில் சந்தேகம் என்றால் ஊசி வைத்துப் பார்க்கலாம் என்றாராம். எத்தனை வருடம் வர வேண்டும் என்று அப்பாவே கேட்டிருக்கிறார். முதல் இரண்டு வருடம் நெருக்கமாக, அப்புறம் இடைவெளி விட்டு, ஐந்தாம் வருடத்துக்குப் பிறகும் வருடத்துக்கு ஒருமுறை என்று பதில்.

டாக்டர் கத்தரிக்கோல், ஐந்து வருடத்துக்குப் பிறகும் எதற்கு?


கத்தரிக்கோல்

68-லிருந்து 60-க்கு இறங்கிய அந்த எட்டுப் பேருக்காக.